107 புள்ளி எடுத்தும் போதவில்லை

2022-23 பருவத்தில் இங்கிலாந்துக் கால்பந்தின் ஐந்தாம் அடுக்கான நேஷனல் லீக்கில் நாட்ஸ் கவுன்டி 46 ஆட்டங்கள் ஆடித் தோற்றது மூன்றில்தான். அடித்த 117 கோல்களில் 42 மெக்காலே லாங்ஸ்டாஃப் ஒருவருடையது. சேர்த்த புள்ளிகள் 107. ஆனால் ரெக்ஸம் 111 எடுத்துவிட்டது. முதலிடத்துக்கு மட்டுமே நேரடி ஏற்றம் என்பது விதி. எஞ்சிய ஓர் இடத்துக்கு, இரண்டிலிருந்து ஏழு வரை வந்த ஆறு அணிகள் பிளே-ஆஃப்பில் மோத வேண்டும்.

பிளே-ஆஃப்பில் நன்மை உண்டு. எட்டாம் இடத்தில் நிற்கும் அணிக்கும் ஏப்ரல் வரை நம்பிக்கை இருக்கிறது. ஊர்க்காரர்கள் டிக்கெட் வாங்குகிறார்கள். தொலைக்காட்சிப் பணம் அதிகம் எட்டாத கிளப்புகளுக்கு அந்த வசூல் பெரிய விஷயம். இறுதி ஆட்டம் நடக்கும் வெம்ப்லி மைதானத்தில் ஆடும் வாய்ப்பும் சிறு ஊர் ஒன்றின் வாழ்நாள் நினைவு.

ஆனாலும் நாட்ஸ் கவுன்டி பட்ட பாட்டைப் பாருங்கள். ஏப்ரல் 10 அன்று ரெக்ஸம் மைதானத்தில் 3-2 எனப் பின்தங்கியிருந்தபோது, கூடுதல் நிமிடங்களில் ஒரு பெனால்டி கிடைத்தது. செட்வின் ஸ்காட் உதைத்தார். ரெக்ஸமின் 40 வயது கோல்கீப்பர் பென் ஃபாஸ்டர் பாய்ந்து தடுத்தார். பிளே-ஆஃப் அரையிறுதியில், ஆறாமிடம் வந்த போரம் வுட்டிடம் சொந்த மண்ணிலேயே 0-2 எனப் பின்தங்கி, கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் ஜோடி ஜோன்ஸ் அடித்த கோலால் பிழைத்தது. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது, 23 புள்ளி குறைவாக எடுத்த செஸ்டர்ஃபீல்ட். ஆட்டம் 2-2. பெனால்டிக்காகவே பயிற்சியாளர் லூக் வில்லியம்ஸ் கோல்கீப்பரை மாற்றி ஆர்ச்சி மேயரை இறக்கினார். அவர் இரண்டைத் தடுத்தார். வெற்றி உதையை அடித்தது அதே ஸ்காட்தான். அந்தத் துணிச்சல் இன்றும் என்னைச் சிலிர்க்க வைக்கிறது.

ஆனால் இந்த மகிழ்ச்சியான முடிவைக் காட்டி முறையை நியாயப்படுத்த முடியாது. மேயர் அந்த இரண்டையும் விட்டிருந்தால், ஒன்பது மாத உழைப்பு ஒரு மாலையில் போயிருக்கும். 2025இல் அதுதான் நடந்தது. 96 புள்ளியுடன் இரண்டாமிடம் வந்த யார்க் சிட்டி, ஐந்தாமிடம் வந்த ஓல்டமிடம் அரையிறுதியில் 0-3 எனத் தோற்று அதே லீக்கில் தங்கியது. ஏற்றத்தை நம்பிப் போட்ட சம்பளக் கணக்கோடு இன்னொரு பருவத்தைத் தாக்குப்பிடிப்பது சிறு கிளப்புக்கு எளிதல்ல.

அதற்காக பிளே-ஆஃப்பைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இடப்பற்றாக்குறைதான் கோளாறு. ஒரு படி மேலே உள்ள லீக் டூவில் மூன்று அணிகள் நேரடியாக ஏறுகின்றன, நான்காவது பிளே-ஆஃப் வழியாக. நேஷனல் லீக்குக்கு மொத்தமே இரண்டு. மூன்றாவது இடம் கேட்டு அந்த லீக்கின் கிளப்புகள் குரல் எழுப்பியபோது குறுக்கே நின்ற பெரிய தடை, லீக் டூவிலிருந்து இன்னோர் அணி இறங்க வேண்டிவரும் என்ற அச்சம். அச்சம் புரிகிறது; ஆனால் நியாயம், மூன்றாவது இடம் கேட்டவர்கள் பக்கம்தான். முதல் இரண்டு அணிகளுக்கு நேரடி ஏற்றம், மூன்றாவது இடத்துக்கு பிளே-ஆஃப்: அதுவே சரியான ஏற்பாடு.