பழுதான என்ஜினும் பாதிப் பழியும்

1988இல் மெக்லாரனும் ஹோண்டாவும் சேர்ந்து 16 பந்தயங்களில் 15ஐ வென்றன. அதே ஜோடி 2015இல் மீண்டும் ஃபார்முலா 1 களத்தில் இறங்கியபோது எதிர்பார்ப்பு எக்கச்சக்கம். அந்த ஆண்டு முழுக்கக் கிடைத்தது 27 புள்ளிகள், அணிகள் பட்டியலில் ஒன்பதாம் இடம். 2016இல் ஆறாம் இடத்துக்கு ஏறி, 2017இல் பழையபடி ஒன்பதுக்கே இறங்கி, ஜோடி பிரிந்தது. ‘ஹோண்டா என்ஜின் மோசம்’ என்று ஒரே வரியில் இந்தக் கதையை முடித்துவிடுகிறார்கள். என்ஜின் மோசம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அது எப்படி மோசமானது என்று தோண்டினால், பழியில் பாதி மெக்லாரனைச் சேரும்.

2014இல் வந்த 1.6 லிட்டர் வி6 டர்போ ஹைபிரிடில், டர்போவின் ஷாஃப்டோடு ஒரு மின்மோட்டார் பிணைந்திருந்தது. புகைக்குழாய் வழியே வீணாகப் போகும் சூட்டை மின்சாரமாக்குவது அதன் வேலை. நிமிடத்துக்கு 1,25,000 சுற்றுவரை அது சுழல விதி இடம் கொடுத்தது. இந்த மோட்டார் போதிய மின்சாரம் தராவிட்டால் நேர்பாதையின் நடுவிலேயே பேட்டரியின் உதவி தீர்ந்துவிடும். சுமார் 160 குதிரைத்திறன் சட்டென்று குறையும், பின்னால் வரும் கார்கள் தாண்டிப் போகும். ஹோண்டாவின் சொந்தத் தடமான சுஸுகாவில், 2015இல், ‘இது ஜிபி2 என்ஜின்’ என்று மெக்லாரன் ஓட்டுநர் ஃபெர்னாண்டோ அலோன்சோ ரேடியோவில் கொதித்தது இப்படித் தாண்டப்பட்ட எரிச்சலில்தான். ஜிபி2 என்பது அப்போது ஒரு படி கீழே இருந்த பந்தயத் தொடர்.

மின்சாரம் ஏன் போதவில்லை? காரின் பின்பகுதி ஒடுங்கியிருந்தால் காற்றோட்டம் நன்றாக இருக்கும் என்று மெக்லாரன் கணக்குப் போட்டது. ‘சைஸ் ஜீரோ’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அதற்கு இசைந்து, டர்போவின் கம்ப்ரஸரை இரு சிலிண்டர் வரிசைகளுக்கு இடைப்பட்ட இடுக்கிலேயே ஹோண்டா பொருத்தியது. அங்கே சிறிய டர்போதான் அடங்கும். மின்சாரம் குறைந்தது, சூடு ஏறியது, பாகங்கள் அடிக்கடி பழுதாயின. அனுமதித்த அளவுக்கு மேல் பாகம் மாற்றினால், தொடக்க வரிசையில் (கிரிட்) பின்தள்ளும் தண்டனை. 2015 பெல்ஜியம் பந்தயத்தில் மெக்லாரனின் இரண்டு கார்களுக்குமாகச் சேர்த்து விதிக்கப்பட்ட கிரிட் தண்டனை 105 இடங்கள். கிரிட்டில் இருந்த இடங்களே 20! என்ஜின் மாற்றங்களுக்கு ‘டோக்கன்’ கட்டுப்பாடு இருந்ததால், தவறு என்று தெரிந்தபின்னும் அமைப்பை உடனே மாற்ற வழியில்லை.

ஹோண்டா செய்ததுபோல் ஒரே அணியோடு மட்டும் கூட்டு வைப்பதில் உண்மையான நன்மை உண்டு. சேஸியும் என்ஜினும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சேர்ந்தே வளரும். ஆனால் அந்த 2015இல் மெர்சிடிஸ் என்ஜின் நான்கு அணிகளின் எட்டு கார்களில் ஓடியது. ஹோண்டாவுக்கு இரண்டே கார்கள். ஓடும் தூரம் கூடினால்தான் கோளாறுகள் சீக்கிரம் வெளியே வரும். ரெட் புல் அணிக்கும் ஹோண்டா என்ஜின் தரும் பேச்சு எழுந்தபோது மெக்லாரன் தலைவர் ரான் டென்னிஸ் அதற்கு இசையவில்லை. சைஸ் ஜீரோவைவிடப் பெரிய தவறு இது என்பேன்.

2017 தோல்விக்கு மட்டும் ஹோண்டா வேறு யாரையும் கை காட்ட முடியாது. டோக்கன் முறை நீங்கியதும் மெர்சிடிஸ் வழியில் கம்ப்ரஸரை என்ஜினுக்கு முன்னும் டர்பைனைப் பின்னுமாகப் பிரித்து வைத்தார்கள். முடிவு சரி, செயல்படுத்தியதில் கோட்டை விட்டார்கள். பார்சிலோனாவில் நடந்த முதல் சோதனை ஓட்டத்திலேயே ஆயில் டேங்க் காலை வாரியது. ஆலையின் சோதனை மேடையில் என்ஜின் அசையாமல் நிற்கும். காரில் ஓடும்போதோ ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு பிரேக்கிலும் ஆயில் ஒரு பக்கமாகச் சாயும். மேடையில் அது தெரியவே தெரியாது. பிறகு அதிர்வுகள், சூட்டை மின்சாரமாக்கும் அந்தச் ‘சூட்டு மோட்டாரின்’ பேரிங் பழுதுகள் என்று வரிசை கட்டி வந்தன.

சொந்த ஆட்களை வைத்தே கற்றுக்கொள்வது ஹோண்டாவின் மரபு. பந்தயத்தை இளம் பொறியாளர்களின் பயிற்சிக்களமாகவே அது பார்க்கிறது. இந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 2017வரை தடத்துப் பொறுப்பு, ஆலைப் பொறுப்பு இரண்டும் ஒருவர் தலையிலேயே இருந்தன. 2018இல்தான் தடத்துக்கு டொயோஹாரு டனாபே, சகுரா ஆலைக்கு யசுவாகி அசாகி என்று பிரித்தார்கள். அந்தச் சூட்டு மோட்டாரின் கோளாறைத் தீர்க்கக் கைகொடுத்தவர்கள் ஹோண்டாவின் விமான என்ஜின் பிரிவினர். அதே நிறுவனத்தில் இருந்தவர்களை முதலிலேயே ஏன் அழைக்கவில்லை? இந்தக் கேள்வியை மெக்லாரன் மீது தள்ள முடியாது.

2018இல் ரெனோ என்ஜினுக்கு மாறிய மெக்லாரனுக்கு 62 புள்ளிகளே கிடைத்தன. காற்றியலில் தன் காருக்கு இருந்த குறை அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. ஹோண்டாவோ 2019இல் ரெட் புல் அணியின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனோடு ஆஸ்திரியாவில் வென்று, 2021இல் ஓட்டுநர் பட்டத்தையும் எட்டியது. 2019இலேயே ரெட் புல், டோரோ ரோஸோ என இரண்டு அணிகளில் நான்கு கார்கள் அதன் என்ஜினோடு ஓடிக்கொண்டிருந்தன.

2026 விதிகளில் சூட்டு மோட்டாருக்கு இடமில்லை. ஆனால் அந்தப் புதிய விதிகளுக்கு ஹோண்டா தேர்ந்துகொண்ட கூட்டாளி ஆஸ்டன் மார்ட்டின் மட்டுமே. மீண்டும் ஒரே அணி, இரண்டே கார்கள். இரண்டாவது அணியை ஹோண்டா தேடியே ஆக வேண்டும்.