பந்து இல்லாத படங்கள்: வாலிபால் புகைப்படங்கள் பற்றிச் சில குறிப்புகள்

கொஞ்ச நாளாகப் பத்திரிகைகளில் வரும் வாலிபால் படங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். தினசரிகளின் விளையாட்டுப் பக்கம், லீக் போட்டிகளின் விளம்பரப் பலகை, கல்லூரி மலர் என்று எங்கே கிடைத்தாலும் வெட்டி ஒரு ஃபைலில் போட்டு வைப்பேன். ஃபைல் தடித்துவிட்டது. ஆனால் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒரே படம்தான்.

உங்களுக்கும் அது தெரியும். வலைக்கு மேலே ஒருவர் அந்தரத்தில் நிற்கிறார். வலது கை பின்னால் வளைந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து நான்கு கைகளோ ஆறு கைகளோ சுவர் மாதிரி எழும்பியிருக்கின்றன. நடுவில் மஞ்சளும் நீலமுமாய்ப் பந்து. பாட்னாவில் எடுத்தாலும் பாளையங்கோட்டையில் எடுத்தாலும் இதே படம். சட்டையின் நிறத்தை வைத்துத்தான் எந்த ஊர் என்று சொல்ல முடியும்.

இது மோசமான படம் என்று நான் சொல்ல வரவில்லை. முகம், பந்து, வலை மூன்றும் ஒரே சட்டகத்தில் விழுகிற இடம் இந்த ஆட்டத்தில் அது ஒன்றுதான். மூன்று அங்குலத்தில் அச்சாகப் போகிற படத்தில் என்ன நடக்கிறது என்று வாசகருக்கு உடனே புரியவும் வேண்டும். பக்கம் போடுகிறவர் இதைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது. என் பிரச்சினை வேறு. இந்த ஒரு படமே வாலிபால் ஆகிவிட்டது. அதில் இல்லாதவர்கள் ஆடவே இல்லை என்று ஆகிவிட்டது.

முதலில் இதை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். படத்தைக் குறை சொல்லும் முன்னால் எடுத்தவருக்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டும்.

வாலிபாலில் பந்தைப் பிடித்தால் ஃபவுல். கிரிக்கெட், கால்பந்து, கூடைப்பந்து எல்லாவற்றிலும் பந்து யாரிடமாவது கொஞ்ச நேரம் இருக்கும். கபடியில் ஆளையே பிடிக்கிறார்கள். பிடி இருக்கும் இடத்தில் காமிராவுக்கு ஓர் அரை விநாடியாவது கிடைக்கும். எங்கள் பக்கத்து மணத்திக்காரர் கணேசனின் வாழ்க்கையை ஒட்டி மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன்’ படத்தில் கபடி அவ்வளவு நன்றாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். உடம்போடு உடம்பு சிக்கிக் கிடக்கிற நேரம் திரைக்குத் தோதானது. வாலிபாலில் அந்த நேரமே கிடையாது. பந்து கையில் படுவது கண்சிமிட்டும் நேரத்தில் ஒரு சிறு பங்கு. பட்டதும் போய்விடும்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். நல்ல ஒரு அடி மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 30 மீட்டர். வலையிலிருந்து கடைசிக் கோடு 9 மீட்டர், 0.3 விநாடியில் பந்து அங்கே போய்விடும். விநாடிக்கு 20 படம் எடுக்கும் காமிரா வைத்திருந்தாலும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் பந்து ஒன்றரை மீட்டர் நகர்ந்திருக்கும். பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாலும், கையில் பந்து படும் கணம் இரண்டு படங்களுக்கு நடுவில் விழுந்து காணாமல் போகலாம். பந்தின் குறுக்களவு சுமார் 21 சென்டிமீட்டர். ஷட்டர் 1/250 என்றால் அது திறந்திருக்கும் நேரத்துக்குள் பந்து 12 சென்டிமீட்டர் ஓடிவிடும், படத்தில் பந்து முட்டை மாதிரி இருக்கும். 1/1000 வைத்தால் 3 சென்டிமீட்டர்தான், பந்து பந்தாகத் தெரியும்.

சரி, 1/1000 வைக்கலாமே என்றால் உள்ளரங்கத்தில் வெளிச்சம் போதாது. நம் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும் அரங்கம் காமிராவுக்குச் சாயங்கால நேரம்தான். ஃபிளாஷ் போடக்கூடாது, மேலே பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவரின் கண்ணில் அது அடித்தால் ஆட்டம் போச்சு. ஆக எஃப் 2.8 லென்ஸும் ஐஎஸ்ஓ 6400-ம் வேண்டும். அந்த லென்ஸ் விலையில் எங்கள் ஊரில் நல்லதாக ஒரு பழைய பைக் வாங்கிவிடலாம்.

இன்னொரு தொல்லை விளக்குகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல அரங்க விளக்குகள் விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 1/1000-ல் எடுக்கும் காமிரா அந்த ஏற்ற இறக்கத்தில் ஏதோ ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுக்கிறது. ஒரு படம் வெளுத்திருக்கும், அடுத்தது மஞ்சள் அடித்திருக்கும், அதற்கடுத்தது பாதி இருட்டு. 2014-ல் வந்த கேனன் 7டி மார்க் 2 காமிராதான் இந்தத் துடிப்பைக் கண்டுபிடித்து, வெளிச்சம் உச்சத்தில் இருக்கும்போது ஷட்டரைத் திறக்கும் வசதியோடு வந்தது. ஸ்ரீவைகுண்டத்துக்காரனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. எங்கள் கள்ளபிரான் கோயிலில் சித்திரை 6-ம் ஐப்பசி 6-ம் சூரிய ஒளி பெருமாள் மேல் விழும் என்பார்கள், அந்த வெளிச்சத்துக்கு வழிவிட்டுக் கொடிமரத்தையே கொஞ்சம் விலக்கி வைத்திருக்கிறார்கள். வெளிச்சத்துக்காக நேரம் பார்த்து நிற்பது எங்களுக்குப் பழக்கம்தான்.

2019 பிப்ரவரியில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கத்தில் ப்ரோ வாலிபால் லீக் இறுதிப் போட்டி நடந்தது. சென்னை ஸ்பார்ட்டன்ஸ் கோழிக்கோட்டு அணியை 3-0 என்று தோற்கடித்த ஆட்டம். நான் கேலரியில் உட்கார்ந்து என் பழைய காமிராவில் நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளினேன். ஊருக்கு வந்து சித்தப்பாவிடம் லேப்டாப்பில் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினார்.

“நல்லாத்தான் இருக்கு. பந்து எங்கடே?”

பாதிப் படங்களில் பந்தே இல்லை. மீதிப் பாதியில் ஃபோகஸ் ஆளை விட்டுவிட்டு வலையில் உட்கார்ந்திருந்தது. வலையின் ஒவ்வொரு கண்ணியையும் எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். அடிக்கிறவர் பின்னால் ஆவி மாதிரி இருந்தார். நான் வெட்கப்பட்டுக்கொண்டு, தேறிய நாலு படத்தை மட்டும் காட்டினேன். நாலும் மேலே சொன்ன அதே படம்தான். சித்தப்பா சிரித்தார். “அடிக்கிறவனத்தான் நீயும் எடுத்திருக்க.”

சித்தப்பா ஆடின காலத்தில் அவர் கீழே எடுக்கிறவர். உயரம் ஐந்தடி நாலு அங்குலம். பின்வரிசையில் நிற்கும்வரை ஆடுவார். சுழற்சியில் முன்வரிசைக்கு வந்ததும் அவரை வெளியே எடுத்துவிட்டு ஒரு உயரமான ஆளை இறக்குவார்கள். 1998-ல் சர்வதேச விதிகளிலேயே இப்படி ஒருவருக்கு இடம் கொடுத்து லிபரோ என்று பெயர் வைத்தார்கள், வேறு நிறச் சட்டையும் கொடுத்தார்கள். அதற்குள் சித்தப்பா ஆட்டத்தை விட்டிருந்தார்.

லிபரோவுக்கு உள்ள விதியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அவர் பிளாக் செய்யக்கூடாது. வலை உயரத்துக்கு மேலே இருக்கும் பந்தை எதிர்ப்பக்கம் அடிக்கவும் கூடாது. அதாவது என் ஃபைலில் இருக்கும் அந்த ஒரே படத்தில் அவர் இருப்பதை விதியே தடுத்துவிட்டது! தரைக்கு ஒரு சாண் மேலே நடக்கிற வேலை அவருடையது. 2.43 மீட்டர் உயரத்தில் கண்ணை வைத்துக் காத்திருக்கிற காமிராவுக்கு அவர் எப்படித் தெரிவார்? ஜிம்மி ஜார்ஜ் என்றதும் நம் எல்லோருக்கும் அந்தரத்தில் தொங்கும் ஒரு உடம்பு நினைவுக்கு வருகிறது. அவருக்குப் பந்து எடுத்துக் கொடுத்தவர்களில் யாருடைய உருவமாவது வருகிறதா? எனக்கு வரவில்லை.

இதை மாற்றி எடுக்கவே முடியாதா என்றால், அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே எடுத்திருக்கிறார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் வாலிபால் முதன்முதலாகச் சேர்ந்தது. ஜப்பான் பெண்கள் அணி சோவியத் அணியை வென்று தங்கம் வாங்கியது. ஜப்பானில் அந்த ஆட்டத்தின் டிவி ரேட்டிங் 66.8 சதவீதம். கோன் இச்சிகாவா எடுத்த ‘டோக்கியோ ஒலிம்பியாட்’ ஆவணப்படத்தில் இந்த ஆட்டம் வருகிறது. கடைசிப் புள்ளி ஒரு பெரிய அடியில் முடியவில்லை. சோவியத் அணிக்காரர் கை வலையைத் தாண்டியதாக ஃபவுல், அவ்வளவுதான், தங்கம். எந்தப் பத்திரிகைப் படத்துக்கும் லாயக்கில்லாத முடிவு. இச்சிகாவா அதைப் பற்றிக் கவலையே படவில்லை. எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்கும்போது, தனியாக நிற்கும் பயிற்சியாளர் டைமாட்சுவை அவருடைய காமிரா பார்த்துக்கொண்டிருக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது ஷிபுயா நோபுகோ என்ற பெண் இயக்குநர் அதே அணியைப் பற்றி எடுத்த குறும்படம். 1964-ல் கான் விழாவில் குறும்படத்துக்கான பெரிய பரிசை வாங்கியது. அதில் போட்டியைவிடப் பயிற்சிதான் பெரிசு. பயிற்சியாளர் விடாமல் பந்தை வீச, பெண்கள் பாய்ந்து எடுத்து, தோளில் உருண்டு, எழுந்து, மறுபடி பாய்கிறார்கள். இந்த உருண்டெடுத்தல்தான் அந்த அணியின் பெயர் சொன்ன வித்தை. காமிரா அவர்களோடு தரையில் கிடக்கிறது. அந்தப் பயிற்சி முறையின் கொடுமை பற்றி எனக்குக் கேள்விகள் உண்டு, அதை இங்கே எழுதினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். ஆனால் ஒரு பந்தை எடுப்பதற்கு உடம்பு என்ன விலை கொடுக்கிறது என்பது அந்தப் படத்தில் தெரிகிற மாதிரி, இன்றைக்கு விநாடிக்கு எத்தனையோ படம் எடுக்கிற எந்தக் காமிராவிலும் நான் பார்த்ததில்லை.

கருவி மலிந்து கூர்மையாகிவிட்டது, பார்வை அந்த வலைக்கு மேலேயே நின்றுவிட்டது. என் புகார் இதுதான். 2023 டிசம்பரில் பெங்களூரு கோரமங்களா அரங்கத்தில் உலக கிளப் சாம்பியன்ஷிப் நடந்து இத்தாலியின் பெருஜியா அணி ஜெயித்தது. அதன் படங்களை ஆசையாகத் தேடிப் பார்த்தேன். வெளிச்சம் அருமை, நிறம் அருமை, வியர்வைத் துளிகூட உறைந்து நிற்கிறது. மறுபடியும் அதே ஆள், அதே அந்தரம்.

அந்தப் போட்டி முடிந்து ஒரு வாரத்தில் எங்கள் ஊரில் வெள்ளம். டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு எங்கள் ஸ்டேஷனில் நின்றுபோனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். ரயில் செய்தியான அளவுக்கு வீடுகள் செய்தியாகவில்லை. சித்தப்பா வீட்டில் நெஞ்சளவு தண்ணீர். வடிந்த பிறகு சுவரிலிருந்து இறக்கிய பொருள்களில் அவருடைய டீம் போட்டோவும் ஒன்று.

எங்கள் பக்கத்தில் வாலிபால் போட்டோ என்றால் இந்த ஒரு வகைதான். முன்வரிசை நாற்காலியில் பெரிய மனுஷங்க, நடுவில் கப், கப்புக்குக் கீழே சாக்பீஸால் வருஷம் எழுதிய பந்து, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு ஆட்டக்காரர்கள். திருவிழாச் சமயத்தில் ஆற்றங்கரைப் பக்கம் விளக்குப் போட்டு ராத்திரி முழுக்க ஆட்டம் நடக்கும். ஸ்டுடியோக்காரர் ஆட்டம் முடிந்த பிறகுதான் வருவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அந்த விளக்கில் அந்த ஃபிலிமில் ஓடுகிற ஆளை எடுத்தால் வெறும் கறுப்புதான் வந்திருக்கும். ஆக சித்தப்பா பன்னிரண்டு வருஷம் ஆடியதற்கு இருந்த ஒரே சாட்சி, அவர் ஆடாமல் நின்ற ஒரு படம். வரிசையில் கடைசி ஆள். அதுவும் இப்போது கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும் என்கிற நிலையில் இருந்தது. முகம் போனாலும் போகட்டும் என்று பிரிக்கப் போனவரை நான்தான் தடுத்தேன். இன்னும் அப்படியே கண்ணாடியோடு இருக்கிறது.

போன வருஷம் திருநெல்வேலியில் ஒரு கல்லூரி உள்ளரங்கத்தில் தம்பி மகன் ஆடினான். அவனும் லிபரோ. இந்தத் தடவை நான் கேலரிக்குப் போகவில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு கடைசிக் கோட்டுக்குப் பின்னால், மூலையில், தரையில் குப்புறப் படுத்தேன். நடுவர் ஒரு மாதிரி பார்த்தார். ஷட்டர் 1/200. பந்து கோடாக இழுபட்டால் இழுபடட்டும் என்று விட்டுவிட்டேன். விளக்குத் துடிப்பும் அந்த நேரத்துக்கு ஓரளவு அடங்கிவிடும். வேண்டுமென்றே எல்லாவற்றையும் கலங்கடித்துக் ‘கலை’ என்று காட்டும் இன்னொரு தேய்ந்த வழியும் உண்டு, அதில் விழுந்துவிடக்கூடாது என்று பயமாகவும் இருந்தது. அதனால் பந்தை விட்டுவிட்டு அவன் காலை மட்டும் ஃபோகஸில் வைத்தேன். எதிர்ப்பக்கம் அடிப்பதற்கு முன்னாலேயே அவன் குதிகால் எழும்பிவிடுகிறது. 0.3 விநாடியில் யோசிக்க நேரம் ஏது? அடிக்கிறவன் தோள் திரும்புவதைப் பார்த்தே இவன் கிளம்பிவிடுகிறான். அது மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

ஐந்தாறு படம் தேறியது. எதிலும் பந்து சரியாக இல்லை. சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இந்தத் தடவை பந்து எங்கே என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் ஒரே படத்தைப் பார்த்தார். பிறகு திரையில் அவன் இடது காலை விரலால் தொட்டார்.

“இந்தக் கால இவன் தப்பா வச்சிருக்கான். ஆனா எடுத்திருப்பாம்லா?”

எடுத்துவிட்டான் என்றேன்.