அடகுக் கடையில் ஓர் உயிர்

சிங்களத் திரைப்படம் என்றாலே முகம் சுளிப்போர் நம் பக்கத்தில் பலர். அதற்குக் காரணமும் உண்டு. 2009ஆம் ஆண்டு மே மாதத்தை எந்தத் தமிழ் நெஞ்சமும் எளிதில் மறந்துவிடாது. ஆயினும் பிரசன்ன விதானகே 2012இல் அளித்த 'ஒப நத்துவா ஒப எக்க' என்னும் படத்தைப் பாராமலே ஒதுக்குவது நமக்குத்தான் நட்டம் என்போம். 'நீயின்றி, உன்னோடு' என்பது தலைப்பின் பொருள்.

தாஸ்தாயெவ்ஸ்கி 1876இல் எழுதிய கதையே இதற்கு மூலம். 1969இல் பிரான்சின் ராபர்ட் பிரெஸ்ஸோனும் இதைப் படமாக்கினார். ருஷ்ய அடகுக் கடைக்காரன் இங்கே இலங்கை மலையகத்துச் சிங்களவனாகிறான், பெயர் சரத்சிறி. நகையோடு கடையேறி வருபவள் வடக்கிலிருந்து வந்த செல்வி என்னும் தமிழ்ப் பெண். இருவருக்கும் மணமாகிறது. கணவன் முன்னாள் இராணுவத்தான் என்பது பிறகே அவளுக்குத் தெரியவருகிறது.

அடகுக் கடையின் முகம் மதுரைக்காரர்களுக்குப் புதிதன்று. விதைப்புக்குப் பணமில்லாமல் மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்கள் கழுத்து நகையைக் கழற்றி நீட்டுவதைக் கண்டவர்கள் நாம். வட்டி விலக்கப்பட்டது என்று அறிந்த நம் வீடுகளிலிருந்தும் நகை அங்கே போகத்தான் செய்கிறது! எனவே சரத்சிறியின் பார்வை நமக்கு உடனே பிடிபடுகிறது. பொருளை எடைபோட்டுப் பழகிய கண் மனைவியையும் எடைபோடுகிறது. காசை எண்ணித் தருவதுபோலவே அவன் சொல்லையும் எண்ணித் தருகிறான். ஷியாம் பெர்னாண்டோ இந்த இறுக்கத்தை மிகையின்றி நடித்துள்ளார்.

விதானகே மூலக்கதையில் செய்த ஒரு மாற்றம் ஊன்றி நோக்கத்தக்கது. ருஷ்யக் கதையில் கடைக்காரன் மறைக்கும் பழைய களங்கம், படையில் இருந்தபோது சண்டைக்கு அஞ்சிப் பின்வாங்கியவன் என்ற அவப்பெயரே. அது ஒருவனுடைய மானம் பற்றிய செய்தி. இங்கோ மறைக்கப்படுவது போர்க் குற்றத்தின் நிழல். தன் மானத்தை இழந்தவன் காலப்போக்கில் ஆறுதல் அடையலாம். பிறர் உயிரும் மானமும் கெடத் துணைநின்றவன் எதைக் கொடுத்து மீட்பான்? சரத்சிறி வாய்விட்டுச் சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நம்புகிறான். செல்வியின் மௌனம் அந்தக் கணக்கை ஏற்க மறுக்கிறது.

குறையும் உண்டு. செல்வி விட்டுவந்த ஊரும் இழந்த உறவும் நமக்கு அரைகுறையாகவே தெரிகின்றன. கதை அவன் கண்வழியே நடப்பதால் அவள் துயரம் அவன் துயரத்திற்கு அணிகலனாகிவிடுமோ என்ற அச்சம் இடையிடையே எழுகிறது. அதைப் பெரிதும் தடுத்தவர் அஞ்சலி பாட்டீல். நாசிக்கில் பிறந்த இந்த மராத்தியப் பெண்மணிக்கு 2012இல் கோவாத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளி மயில் விருது கிடைத்தது தகும்.

2014 ஜூனில் சென்னையில் திரையிட இருந்த இப்படம், எதிர்ப்பும் மிரட்டலும் வந்ததால் விலக்கிக்கொள்ளப்பட்டது. இதே இயக்குநரின் 'புரஹந்த களுவர' படத்தை 2000ஆம் ஆண்டில் இலங்கை அரசு தடைசெய்திருந்தது. போரில் மாண்ட மகனின் முத்திரையிட்ட பெட்டியைத் தோண்டித் திறந்து பார்க்கும் பார்வையற்ற சிங்களத் தந்தையின் கதை அது. உச்ச நீதிமன்றம் சென்ற பிறகே, 2001இல் அதற்கு வழி பிறந்தது. கொழும்பும் சென்னையும் ஒரே மனிதருக்குக் கதவடைத்த விந்தையை என்னென்பது!

படம் மெல்லத்தான் நகர்கிறது. தமிழும் சிங்களமும் கலந்தே ஒலிக்கின்றன; அக்கடைக்குள் யார் எந்த நேரத்தில் எந்த மொழிக்கு மாறுகிறார்கள் என்பதைக் கவனித்துப் பார்க்க வேண்டுகிறோம்.