முதலில் பேஸைப் பாடுங்கள்!

இசை படிக்கிற யாரைப் பார்த்தாலும் கையைப் பிடித்துச் சொல்லத் தோன்றுகிறது: செவிப் பயிற்சியின் மேல்நிலை வகுப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்! இது மேஜரா மைனரா, இந்த இரண்டு சுரங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று கண்டுபிடிப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். உண்மையான விருந்து அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

எங்கள் ஆசிரியைக்கு ஒரே கட்டளைதான். "மேல ஓடுற மெலடி எல்லாருக்கும் கேக்கும். கீழ பேஸ் எங்க போகுதுன்னு பாடிக் காட்டுங்க." அப்படித்தான் பாகெல்பெல்லின் ‘கேனன்’ எங்களுக்கு முதல் பாடமானது. கல்யாண வீடியோக்களில் கேட்டுக் கேட்டுப் பழகிய அதே படைப்புதான். மூன்று வயலின்கள் ஒன்றையொன்று துரத்த, அடியில் ச ப த க ம ச ம ப என்று எட்டே சுரம் 28 முறை மாறாமல் வருகிறது. அந்த எட்டையும் வாய்விட்டுப் பாடிக்கொண்டே மேலே நடப்பதைக் கேட்டுப் பாருங்கள்! ஒவ்வொரு கார்டும், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஒவ்வொரு சுரக் கூட்டமும், தானாக முகம் காட்டும். ஆனந்தம் என்றால் அப்படியொரு ஆனந்தம்.

அடுத்து டாமினன்ட் செவன்த். ப நி ரி ம என்று நான்கு சுரமும் சேர்ந்து ஒலிக்கும்போது உள்ளே ஒரு தவிப்பு இருக்கும். நி மேலேறி ச-வைத் தொடத் துடிக்கும்; ம இறங்கி க-வில் உட்காரத் துடிக்கும். இந்த இரண்டு இழுப்பையும் தனித்தனியாகப் பாடிப் பழகிவிட்டால், எந்த வாத்தியத்தில் வாசித்தாலும் அந்தக் கார்டு உங்களிடமிருந்து தப்பாது. சில சமயம் பேஸ் ச-வுக்குப் போகாமல் நழுவி த-வுக்குப் போய்விடும். டிசெப்டிவ் கேடன்ஸ் என்பது அதுதான். முடியப்போகிறது என்று மூச்சை விடத் தயாரான நேரத்தில் புதுக் கதவு திறந்துகொள்ளும். எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு இங்கே ஒரு பெரிய வரம் இருக்கிறது. செகண்டரி டாமினன்ட் என்றாலே மாணவர்கள் மிரள்வார்கள். சங்கராபரணச் சுரங்களிலேயே போய்க்கொண்டிருக்கும் இசையில் திடீரென்று ரி, பிரதி மத்யமம், த சேர்ந்து ஒலித்து ப-வின் மேல் கட்டிய கார்டில் போய் இறங்கினால், அதுதான் செகண்டரி டாமினன்ட். அந்த ஒரு நொடி கல்யாணியின் சாயல் எட்டிப் பார்க்கிறதல்லவா? பிடித்துக்கொள்ளுங்கள், விடை அங்கேயே இருக்கிறது!

தாளப் பகுதி இன்னும் அற்புதம். ஆதி தாளம் போட்டுக்கொண்டு, ஓர் எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை வீதம் ‘ததிகிணதொம்’ சொல்லிப் பாருங்கள். சொல்லில் ஐந்து, கையில் நான்கு. முதல் ‘த’ தட்டில் விழும். இரண்டாவது சுண்டுவிரலின் இரண்டாம் மாத்திரையில், மூன்றாவது மோதிரவிரலின் மூன்றாம் மாத்திரையில், நான்காவது நடுவிரலின் கடைசி மாத்திரையில் என்று தள்ளித் தள்ளிப் போய், ஐந்தாவது ‘த’ ஆறாம் எண்ணிக்கையான வீச்சில் கச்சிதமாக வந்து உட்காரும். கை தடுமாறாமல் அங்கே போய்ச் சேரும்போது கிடைக்கிற மகிழ்ச்சி இருக்கிறதே, அதற்கு ஈடே கிடையாது!

மூன்றுக்கு நான்கு என்று மேலைநாட்டு மாணவர்கள் திணறும் பாலிரிதமும் இதே வழியில் வசப்படும். ‘தகிட’வை நான்கு முறை சொல்லிக்கொண்டே நான்கு மாத்திரைக்கு ஒரு தட்டு போடுங்கள். பன்னிரண்டு மாத்திரைக்குள் வாயில் நான்கு, கையில் மூன்று! ஆம்ஸ்டர்டாம் கன்சர்வேட்டரியில் கர்நாடக லய உத்திகளைப் பாடமாகவே நடத்திய ரஃபேல் ரெய்னா, அவற்றை மேலை இசையில் கையாளும் முறையை 2015-ல் ஒரு முழு நூலாகவே எழுதியிருக்கிறார். அங்கே தேடிப் படிக்கிற வித்தை நம் மிருதங்க வகுப்புகளில் அன்றாடம் ஒலிக்கிறது. அள்ளிக்கொள்ள வேண்டாமா?

இந்தப் பயிற்சிக்குப் பிறகு நான் கேட்கும் பாட்டெல்லாம் புதிதாகிவிட்டது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ 1986-ல் வந்த ஆல்பம்; எனக்கு நெடுநாள் பழக்கம். இப்போது கேட்டால் உள்குரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நடந்துபோவது தெரிகிறது. பேருந்தில் ஒலிக்கிற பாட்டில்கூட பேஸ் கிட்டார் வாசிப்பவர் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்று மனம் நெகிழ்கிறது.

பெரிய செலவு எதுவும் வேண்டாம். பிடித்த பாட்டு ஒன்றை எடுங்கள். பல்லவிக்கு மட்டும் பேஸைப் பாடுங்கள். பிறகு கையில் தாளம் சேருங்கள். கடைசியாகக் கார்டுகளைத் தாளில் எழுதி, வாத்தியத்தில் வாசித்துச் சரிபாருங்கள். இந்த வரிசை முக்கியம்: காது, குரல், கை, அப்புறம்தான் வாத்தியம். தினமும் கொஞ்ச நேரம் போதும். அந்தக் கீழ்க்குரல் ஒருமுறை பிடிபட்டுவிட்டால், அடுத்து பார்க்கிற நண்பரை உட்காரவைத்து “பேஸைப் பாடு” என்று நீங்களே சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள்!