ஹெரால்டின் டிஃபரன்ஷியல் புஷ்: கெட்டியா இருந்தா போதுமா?

திருத்தணி மலைப்பாதையில் முதல் கியரில் ஏறிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு "டொக்". திரும்ப அழுத்தினால் இன்னொரு "டொக்". படி ஏற முடிகிறவர்களுக்கு 365 படி இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை, அதனால் கிருத்திகைக்குக் கிருத்திகை எங்கள் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு தான். நாலு கதவு மார்க் 3. இங்கிலாந்தில் இந்த நாலு கதவு ஹெரால்டு கிடையாது, சென்னையில் மட்டும் செய்தது.

கீழே படுத்துப் பார்த்தேன். டிஃபரன்ஷியலின் முன்பக்க ரப்பர் பிதுங்கி, கையில் பிய்ந்து வந்தது. பின்பக்க புஷ்ஷில் ரப்பருக்கும் உலோகத்துக்கும் நடுவே விரிசல்.

கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில். "ரப்பர்லாம் அந்தக் காலம் சார், பாலி போட்டுடுங்க." பாலியூரித்தேன் புஷ். கூடவே ஒரு ஷோர் எண்ணும் சொல்வார்கள்: ரப்பர் 60, பாலி 90, அப்போ பாலிதானே பெட்டர்? நானும் நம்பிப் போட்டேன். இந்தப் பதிவு அந்த அறிவுரை மேல் எனக்குள்ள புகார்.

முதலில் அந்த எண். ஷோர் என்பது ஒரு சின்ன ஊசி அந்தப் பொருளின் மேல்பரப்பில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் அளவு. புஷ் எவ்வளவு அமுங்கும் என்பதை அது சொல்லாது. ரப்பர் வடிவம் மாறும், ஆனால் கன அளவு அவ்வளவாகக் குறையாது. இரண்டு உலோகக் குழாய்க்கு நடுவில் மெல்லிசாக ஒட்டவைத்த 60 ரப்பர், பக்கவாட்டில் பிதுங்க இடமில்லாமல் கல் மாதிரி நிற்கும். அதே 60-ஐ தடிமனாக, திறந்த ஓரத்தோடு செய்தால் தலையணை. வடிவத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்கிறவர் பாதி விஷயத்தைத்தான் சொல்கிறார்.

இரண்டாவது குறைதான் பெரியது. அந்த அறிவுரை வேறு காருக்கானது.

பிஎம்டபிள்யூ 3 சீரிஸை எடுத்துக்கொள்ளுங்கள் (2007-லிருந்து நம்ம மறைமலை நகர் பக்கம் பூட்டுகிறார்கள்). அங்கே பின் ஸ்பிரிங் நேராக பாடியைத் தாங்குகிறது. சக்கரத்தைப் பிடிக்கும் கைகளில் பல சப்ஃபிரேமில் மாட்டியிருக்கின்றன. டிஃபரன்ஷியல் அந்த சப்ஃபிரேமுக்குள் தனியாகத் தொங்குகிறது. அதன் புஷ்ஷுக்கு இரண்டே வேலை: முறுக்கு விசையைத் தாங்குவது, பல்சக்கரச் சத்தத்தை உள்ளே விடாமல் தடுப்பது. அதனால் ரேஸுக்குப் போகிறவர் "சத்தம் வந்தா வரட்டும்" என்று கெட்டி புஷ் போடுவதில் நியாயம் இருக்கிறது.

ஹெரால்டு அப்படியில்லை. குறுக்காகப் போகும் பட்டை ஸ்பிரிங்கை டிஃபரன்ஷியல் தலைமேலேயே வைத்து நட்டு போட்டிருக்கிறார்கள். காரின் பின்பாதி எடை சேஸிலிருந்து புஷ் வழியாக டிஃபரன்ஷியலுக்கு இறங்கி, ஸ்பிரிங் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்துவைப்பதும் அந்த ஸ்பிரிங்கும் ஆக்சில் ஷாஃப்ட்டும்தான். ஆக, வளைவில் வரும் தள்ளலும் கடைசியில் அதே புஷ்ஷுக்குத்தான் வந்து சேர்கிறது. இங்கே டிஃபரன்ஷியல் புஷ் என்பது சஸ்பென்ஷனின் ஒரு உறுப்பு.

மலையேறும்போது முறுக்கு எவ்வளவு என்று ஒரு கணக்கு போட்டேன். 948 சிசி எஞ்சின், சுமார் 65 நியூட்டன் மீட்டர். முதல் கியரும் கடைசி கியரும் சேர்ந்து சுமார் 20 மடங்காக்கும். 1,300 நியூட்டன் மீட்டர். அவ்வளவும் டிஃபரன்ஷியல் மூக்கைத் தூக்கப் பார்க்கும். முன் புஷ்ஷுக்கும் பின் புஷ்ஷுக்கும் இடைவெளி ஒரு அடி என்று வைத்தால், முன்னால் 400 கிலோவுக்கு மேல் தூக்கும் விசை. காலை எடுத்தால் மூக்கு தொப்பென்று இறங்கும். அதுதான் அந்த டொக்.

இங்கே ஜாகுவாரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹெரால்டு இந்தியாவுக்கு வந்த அதே 1961-ல் வந்தது ஈ-டைப். அதிலும் ஆக்சில் ஷாஃப்ட்டே மேல்கை, அதிலும் எல்லா பாரமும் ரப்பர் வழியாகத்தான். ஆனால் ஜாகுவார்காரர்கள் டிஃபரன்ஷியல், பிரேக், ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஒரு இரும்புக் கூண்டில் பூட்டி, அந்தக் கூண்டை நாலு மூலையில் V வடிவ ரப்பரில் தொங்கவிட்டார்கள். ரப்பர்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் மெத்தென்று இருந்தும் கூண்டு ஆடாது. ஹெரால்டில் கூண்டு இல்லை. ஒரு சின்ன வார்ப்பு, பக்கத்துப் பக்கத்தில் புஷ்கள். காசு மிச்சம், ஆனால் அந்தச் சின்ன ரப்பர் மேல் எல்லா வேலையும். வடிவமைப்பைக் குறை சொல்ல வேண்டுமென்றால் அங்கே சொல்லலாம்.

சரி, பாலி போட்டேனே, என்ன ஆச்சு? டொக் சுத்தமாகப் போய்விட்டது. வளைவில் பின்பக்கம் கொஞ்சம் நேர்த்தியானதும் உண்மை. பாலி கிறீச்சிடும் என்று பயமுறுத்துவார்களே, அதுவும் இல்லை. டிஃபரன்ஷியல் போல்ட்டைச் சுற்றி ஆடுவதில்லை, கிறீச்சிட வழியில்லை. ஆனால் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஊளை ஆரம்பித்தது. 4.875 விகிதம் என்றால் 39 பல்லுக்கு 8 பல். சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் 1.8 மீட்டர். கணக்கு போட்டால் விநாடிக்கு 360 பல் உரசல் போல வருகிறது, காதுக்கு நன்றாகக் கேட்கும் சுருதி. முன்பு ரப்பர் தின்ற அந்தச் சத்தத்தை பாலி அப்படியே சேஸிக்கு அனுப்பியது. அரக்கோணம் ரோட்டில் பின் சீட்டிலிருந்து அம்மா கேட்டார்: "என்னடா, வண்டி அழுதுகிட்டே வருது?"

இரண்டாம் மாதம் டிஃபரன்ஷியலை மறுபடி இறக்கினோம். ஸ்பிரிங்கைக் கழற்றாமல் அது வெளியே வராது, இரண்டு நாள் வேலை. லேத் பட்டறையில் பிரஸ்ஸில் பின் புஷ்ஷைத் தள்ளி எடுக்கும்போதுதான் அங்கிருந்த பெரியவர், அவருக்குத் தெலுங்கு கலந்த தமிழ், முன்பக்கத்தைத் தடவிவிட்டு, "சாமி, ஆயில் வடியுது பாருங்க. ரப்பரைத் திட்டி என்னா பிரயோஜனம்?" என்றார். பினியன் சீல் கசிவு! இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, ஊறி உப்பிவிடும். என் பழைய புஷ் பிதுங்கியது அதனால்தான். பாலி எண்ணெயைத் தாங்கும். தாங்கியதாலேயே கசிவை நான் கவனிக்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் எண்ணெய் இறங்கி கிரவுன் வீலே போயிருக்கும். நல்ல ஜோடி தேட புதுப்பேட்டையில் எத்தனை நாள் அலைய வேண்டும் தெரியுமா?

இப்போது சீல் புதுசு. பின்பக்கம் உலோகத்தோடு ஒட்டிய ரப்பர் புஷ், முன்பக்கமும் ரப்பர்தான். வாங்கும்போது ஷோர் எண்ணைக் கேட்கவில்லை. எப்போது செய்தது என்று கேட்டேன், ஒட்டிய ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் என்று ஆசை காட்டினார்கள், வேண்டாம் என்றேன். பெட்டிக்குள்ளேயும் ரப்பருக்கு வயசாகும். ஹெரால்டை ரேஸ் டிராக்கில் ஓட்டப் போகிறவருக்கு என் தேர்வு சரிப்படாது. அந்தக் காலத்தில் சோழவரத்தில் ஹெரால்டு ஓட்டியவர்கள் காதுக்காகவா கவலைப்பட்டிருப்பார்கள்? அவர்கள் முன்பக்கம் கெட்டியாக்கினால் எனக்கு மறுப்பில்லை.

1972-ல் ஸ்டாண்டர்ட் கம்பெனி கேஸல் காரைக் கொண்டு வந்தபோது இந்தப் பின்பக்கத்தையே தூக்கிவிட்டு சாதாரண ஒற்றை ஆக்சில் போட்டது. நம்ம ரோட்டுக்கு இந்த டிசைன் லாயக்கில்லை என்று இன்றும் சொல்வார்கள். முழுதாக மறுக்க மாட்டேன், வேகமாக வளைவில் போய் காலை எடுத்தால் பின் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். ஆனால் ஊரில் ஓடிய ஹெரால்டுகளில் எத்தனை பேர் அந்தப் பின் புஷ்ஷை ஒரு தடவையாவது மாற்றியிருப்பார்கள் என்பது என் சந்தேகம். தேய்ந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு டிசைனைத் திட்டியிருக்கவும் கூடும்.

போன கிருத்திகைக்கு மேலே போய் வந்தோம். மலைப்பாதையில் காலை எடுத்தால் லேசாக ஒரு "தொம்". அம்மா தூங்கிவிட்டார்.