யாரைப் பாடுகிறது திஹுவானா?

1994 மார்ச் 23 அன்று, அமெரிக்க எல்லையையொட்டிய மெக்சிகோ நகரமான திஹுவானாவின் லோமாஸ் தவுரினாஸ் என்ற ஏழைக் குடியிருப்பில், மெக்சிகோ ஆளுங்கட்சியின் அதிபர் வேட்பாளர் லூயிஸ் தொனால்தோ கொலோசியோ சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் 'லா குலேப்ரா' என்ற ஆட்டப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாம்பைப் பற்றிய அந்தக் கேலிப் பாட்டை அதன்பின் வெறும் கேலியாகக் கேட்பது கடினமாகிவிட்டது. சுட்டவன் அங்கேயே பிடிபட்டான், தண்டனையும் பெற்றான். தனியாளாகத்தான் செய்தான் என்ற தீர்ப்பை நம்பாதவர்கள் மெக்சிகோவில் ஏராளம். குற்றமும் பாட்டும் வதந்தியும் இந்த ஊரில் சேர்ந்தேதான் திரிகின்றன. இவற்றைப் பற்றிக் கடந்த அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வந்த நூல்களை வரிசையாகப் படித்தால் ஒரு குறை தென்படுகிறது: துப்பாக்கி பிடித்தவனைத் தேடிப்போன அளவுக்கு, அவன் பாட்டைக் கேட்ட கூட்டத்தை இத்துறை நெடுங்காலம் தேடிப்போகவில்லை.

இந்தத் துறையைத் தொடங்கிவைத்தவர் அமெரிக்கோ பரேதெஸ். 1901இல் டெக்சாஸில் ஷெரீஃப் ஒருவரைச் சுட்டுவிட்டுத் தப்பியோடிய கிரிகோரியோ கோர்தெஸ் பற்றிய பாடல்களை ஆராய்ந்து அவர் 1958இல் வெளியிட்ட நூல் இன்றும் மூலநூல். நடந்த சம்பவத்தை ஊர், நாள், பெயரோடு சொல்லும் 'கொரிடோ' என்ற கதைப்பாட்டு, எல்லையில் இரண்டு சமூகங்கள் மோதிக்கொண்டதில் செழித்தது என்று காட்டினார். அவருடைய நாயகன் தன் உரிமைக்காகத் துப்பாக்கி எடுத்தவன். லாபத்துக்காக எடுத்தவனை என்ன செய்வது என்ற கேள்வி அடுத்த தலைமுறைக்கு வந்தது.

அந்தக் கேள்வியை எழுப்பியது 1974இல் லோஸ் டிக்ரேஸ் தெல் நோர்த்தே குழு பதிவுசெய்த ஒரு பாட்டு. காரின் டயர்களுக்குள் கஞ்சாவை அடைத்துக்கொண்டு திஹுவானாவிலிருந்து எல்லையைக் கடக்கும் ஒரு ஜோடி. சரக்கைக் கைமாற்றிய பிறகு தன்னை விட்டுப் போகத் துணிந்தவனைச் சுட்டுவிட்டுப் பணத்தோடு மறைகிறாள் கமேலியா. ஆங்ஹெல் கொன்சாலெஸ் எழுதிய கற்பனைதான். கடத்தல் பாட்டு அதற்கு முன்பும் உண்டு. 1931இலேயே எல் பாசோவில் ஒன்று பதிவாகியிருக்கிறது. ஆனால் 'நார்கோகொரிடோ' எனப்படும் இந்தப் போதைக் கடத்தல் பாட்டு ஒரு தொழிலாக வளர்ந்தது கமேலியாவுக்குப் பிறகே.

ஆய்வாளர்கள் சற்றுத் தாமதமாகவே வந்தார்கள். லூயிஸ் அஸ்தோர்கா 1995இல், கடத்தல்காரன் என்ற உருவத்தை அரசின் பேச்சும் பாட்டும் எதிரெதிரே நின்று எப்படிச் செதுக்கின என்று எழுதினார். திஹுவானாவிலுள்ள எல்லைப்புறக் கல்லூரியின் ஹோசே மனுவேல் வலென்சுவேலா 2002இல் பாடல்களைக் கருப்பொருள்வாரியாக அலசினார். உழைப்பு பெரிது, ஆனால் பக்கத்துக்குப் பக்கம் பாடல் வரிகள், பாடுபவரின் மூச்சு கேட்பதில்லை. அது கேட்பது எலைஜா வால்டின் நூலில் (2001). கிதாரோடு லாரிகளிலும் கார்களிலும் இடம் கேட்டு ஏறி, பாடலாசிரியர்களின் வீடுவரை போனவர் அவர். காசு வாங்கிக்கொண்டு ஒருவரைப் பற்றிப் பாட்டுக் கட்டித்தரும் வழக்கத்தை அவர் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். அப்படிப் பாட்டெழுதியே புகழுக்கு வந்த சாலினோ சான்செஸ் 1992இல் கூலியகானில் கொல்லப்பட்டு, தானே பாட்டுப்பொருளானார்.

ஆனால் இத்துறையில் ஆகச் சிறந்த நூல் பாடல்களைப் பற்றியதல்ல. பால் வேன்டர்வுட் 2004இல் எழுதிய 'ஹுவான் சொல்தாதோ'வைச் சொல்கிறேன். 1938 பிப்ரவரியில் திஹுவானாவில் 8 வயதுச் சிறுமி ஒருத்தி வன்புணர்வுக்கு ஆளாகிக் கொல்லப்பட்டாள். ஹுவான் காஸ்தியோ மொராலெஸ் என்ற படைவீரன் பிடிபட்டான். அவனைத் தங்களிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கூட்டம் காவல் நிலையத்தையும் நகராட்சிக் கட்டடத்தையும் கொளுத்தியது. ராணுவம் அவசரமாக விசாரித்து, பிப்ரவரி 17 அன்று கல்லறைத் தோட்டத்தில் ஊரார் பார்க்க அவனை ஓடவிட்டுச் சுட்டது. விரைவிலேயே அவன் விழுந்த இடத்தில் கற்கள் குவிந்தன, மெழுகுவத்திகள் எரிந்தன, மண்ணில் ரத்தம் கசிவதாகப் பேச்சு எழுந்தது. உண்மைக் குற்றவாளி அவனுடைய மேலதிகாரி என்று ஊர் முடிவுகட்டியது. இன்று எல்லை தாண்டப் போகிறவர்கள் வேண்டிக்கொள்ளும் புனிதர் அவன்; திருச்சபை ஏற்காத புனிதர்.

ஊரே தண்டிக்கக் கேட்டவனை அதே ஊர் எப்படி வணங்கத் தொடங்கியது? வேன்டர்வுட் இதற்கு ஒற்றை விடை தருவதில்லை. அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் கொழித்த நகரம், 1928இல் திறந்த அகுவா கலியெந்தே சூதாட்ட மாளிகை, 1935இல் அதிபர் கார்தெனாஸின் சூதாட்டத் தடை, அதனால் தெருவுக்கு வந்த தொழிலாளர்கள் என்று ஒவ்வொன்றாக அடுக்கி, கொந்தளிப்பின் வேரைக் காட்டுகிறார். அவன்மேல் இருந்த சாட்சியங்களையும் மறைக்கவில்லை. நம்பிக்கை பிறந்ததற்கு அவன் நிரபராதியாக இருக்கவேண்டிய அவசியமில்லை. அவனைக் கொன்ற அரசின்மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லாதிருந்தாலே போதும். கொரிடோ ஆய்வுகள் பலவும் தொடாமல் போன இடம் இது.

இன்னொரு குறையும் உண்டு: கொல்லப்பட்டவர்களுக்குப் பாட்டு அரிது, ஆய்வும் அரிது. அவர்கள் குரல் கேட்பது பத்திரிகையில்தான். 'ஸெத்தா' வார இதழின் ஹெசூஸ் பிளாங்கோர்னெலாஸ், மகன்களைப் பறிகொடுத்த ஒரு தாய் கடத்தல் கும்பல் தலைவன் ரமோன் அரேயானோ ஃபெலிக்ஸுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தைக் கட்டணமின்றி வெளியிட்டார். 1997 நவம்பரில் பிளாங்கோர்னெலாஸின் கார் சுடப்பட்டது; மெய்க்காவலர் இறந்தார், அவர் பிழைத்தார். அவருடைய 'எல் கார்தெல்' (2002) நூலை இசை ஆய்வாளர்கள் அடிக்குறிப்புக்கு மட்டுமே வைத்துக்கொள்வது அநியாயம்.

நோர்டெக் என்ற மின்னிசைக் கூட்டத்தைப் பற்றி அலெஹாண்ட்ரோ மத்ரித் எழுதியது (2008) சுவையானது. நம் பொருளுக்குச் சற்று வெளியே நிற்கிறது. ஆய்வாளர்கள் பாட்டைப் புரிந்துகொள்ள முயல, திஹுவானா நகரசபையோ தடையையே நம்புகிறது. மேடையிலிருந்து கடத்தல்காரர்களுக்கு வாழ்த்துச் சொன்னார்கள் என்பதற்காக, ஊரின் பெயரையே சுமக்கும் லோஸ் துகானெஸ் தெ திஹுவானா குழுவுக்கு 2010இல் அங்கே மேடை மறுக்கப்பட்டது. 2023இல் கொலை மிரட்டலால் பாடகர் பெசோ ப்ளூமாவின் கச்சேரி அங்கே ரத்தானது. அதே ஆண்டு நவம்பரில் நார்கோகொரிடோவைப் பொது நிகழ்ச்சிகளில் பாட நகரசபை தடை போட்டது. தடையால் பாட்டு நின்றதில்லை. பாட்டைத் தடுத்தால் கொலை குறையும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது.

இத்துறைக்குள் புதிதாக வருபவர் வேன்டர்வுட்டில் தொடங்கி, பிறகு வால்டைப் படித்து, அதற்குப் பின் பாடல்களைக் கேட்கலாம். வரிசையை மாற்றினால் கமேலியாவின் துப்பாக்கி மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.