தங்கம் இல்லை என்று சொன்ன நடுவர்கள்

நூறு மீட்டர் இறுதிப் போட்டியில் எட்டுப் பேர் ஓடுகிறார்கள். எட்டுப் பேருமே அன்றைக்குச் சுமாராகத்தான் ஓடினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒருவர் முதலில் கோட்டைத் தொட்டே ஆக வேண்டும். அவர் கழுத்தில் தங்கம் விழுந்தே ஆக வேண்டும். "இன்றைக்கு எவரும் தேறவில்லை, கிளம்புங்கள்" என்று சொல்ல எந்த நடுவருக்கும் அதிகாரம் கிடையாது.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இசைப் பிரிவு நடுவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். ஸ்ட்ராவின்ஸ்கி, ராவெல், பார்டோக் என்று அந்தக் காலத்து ஜாம்பவான்கள் உட்கார்ந்திருந்த குழு அது. வந்த படைப்புகளைப் பார்த்தார்கள். தங்கம் இல்லை, வெள்ளி இல்லை, வெண்கலமும் இல்லை.

ஒலிம்பிக்கில் இசைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 1912 ஸ்டாக்ஹோம் தொடங்கி 1948 லண்டன் வரை ஏழு ஒலிம்பிக்குகளில் ஓவியம், சிற்பம், கட்டடக்கலை, இலக்கியம், இசை ஆகிய ஐந்துக்கும் பதக்கம் உண்டு. நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய பியர் தெ கூபெர்த்தனின் பிடிவாதம் அது. நிபந்தனை ஒன்று: படைப்பு விளையாட்டோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். 1912-ல் இலக்கியத் தங்கத்தை வென்றது கூபெர்த்தனே. ஹோரோட், எஷ்பாக் என்ற இரண்டு புனைபெயர்களில் கவிதையை அனுப்பியிருந்தார். இரண்டும் அவருடைய மனைவி வீட்டார் ஊருக்குப் பக்கத்துக் கிராமங்களின் பெயர்கள். போட்டி நடத்துபவரே களமிறங்கி ஜெயிப்பது நம் தெருப் பொங்கல் விளையாட்டு விழாவில் நடந்தால் கோலப்போட்டியோடு கலவரமாகிவிடும்.

நடுவர்களின் கஞ்சத்தனம் 1924 இசையோடு நிற்கவில்லை. அதே பாரிஸில் கட்டடக்கலைக்கும் தங்கம் கிடையாது. 1928 ஆம்ஸ்டர்டாமில் இசைக்கு மொத்தமாக ஒரே ஒரு வெண்கலம். 1932 லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரே ஒரு வெள்ளி. முதல் இடம் காலியாக இருக்க, இரண்டாம் இடத்தில் மட்டும் ஒருவர் நிற்கும் மேடையைக் கற்பனை செய்து பாருங்கள். திறமைப் பஞ்சம் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஓட்டத்தில் பக்கத்துத் தடத்தில் ஓடுகிறவரை முந்தினால் போதும். இங்கே போட்டி பக்கத்தில் இருப்பவரோடு இல்லை, நடுவரின் மனதில் இருக்கும் ஓர் உயரத்தோடு. அந்தக் கம்பி எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பது தாண்டுகிறவருக்குத் தெரியாது.

1924 ஓவியப் பிரிவு இன்னும் சுவாரசியம். இந்த ஆட்டத்தை ரீப்ளே போட்டுப் பார்க்கலாம். தங்கம் லக்ஸம்பர்க்கின் ஜான் ஜகோபிக்கு; கார்னர், பந்தயத் தொடக்கம், ரக்பி என்று மூன்று படைப்புகள். நான்கு வருடம் கழித்து ரக்பியை வைத்தே மீண்டும் தங்கம். கலைப் போட்டிகளில் இரண்டு தங்கம் வென்றவர் அவர் ஒருவர்தான். வெள்ளி, அயர்லாந்தின் ஜாக் பட்லர் யேட்ஸுக்கு. கவிஞர் டபிள்யூ.பி. யேட்ஸின் தம்பி. படத்தின் பெயர் 'லிஃபி நீச்சல்'. சுதந்திர நாடாக அயர்லாந்து கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் அது. அந்த முறை தடகளத்தில் அவர்களுக்கு ஒன்றும் தேறவில்லை. நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம் ஒரு தூரிகையிலிருந்து வந்தது.

படம் இரண்டடி உயரம், மூன்றடி அகலம். டப்ளின் நகரத்தின் நடுவே ஓடும் லிஃபி ஆற்றில் 1920-ல் தொடங்கிய வருடாந்திர நீச்சல் பந்தயம்தான் கரு. ஆனால் நீச்சல் வீரர்களைத் தேட வேண்டியிருக்கிறது. ஆற்றில் சில தலைகள், கைகள், தெறிக்கும் தண்ணீர், அவ்வளவுதான். யார் முன்னால் போகிறார் என்று அடித்துச் சொல்ல முடியாது. படத்தின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது கூட்டம். எட்டிப் பார்க்கிறவர்கள், தொப்பிகள், தோள்கள், எதிர்க்கரையிலும் ஜனம். மைதானத்தில் மலிவான டிக்கெட்டில் நின்று ஆட்டம் பார்த்த எவருக்கும் இந்தக் கோணம் பழக்கம். முன்னால் ஒரு மண்டை. அதைத் தாண்டி நமக்குக் கிடைப்பது ஒரு துண்டு ஆட்டம். படத்துக்கு முன்னால் போய் நின்றால் நாமும் அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசை ஆகிவிடுகிறோம். யேட்ஸ் ஆரம்பத்தில் பத்திரிகைகளுக்குக் கோட்டோவியம் போட்டவர். அழுத்தமான கோடுகளால் உருவத்தைக் கட்டுகிற அந்தப் பழக்கத்தை விட்டு, வண்ணத்தையே அள்ளிப் பூசிக் காட்சியை நிறுத்தத் தொடங்கிய சமயத்தில் வந்தது இந்தப் படம். வரையப்பட்டது 1923, அயர்லாந்தின் உள்நாட்டுப் போர் ஓய்ந்த வருடம். ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த நகரத்தில் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பி ஒரே ஆற்றைப் பார்க்கிறார்கள்.

வெள்ளி நியாயமா? விதிப்படி பார்த்தால் நியாயம்தான். விளையாட்டைக் காட்டு என்றால் ஜகோபி விளையாட்டைக் காட்டினார். யேட்ஸ் விளையாட்டைப் பார்க்கிறவர்களைக் காட்டினார். அன்றைய தீர்ப்பில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்கு 'லிஃபி நீச்சல்' டப்ளினில் அயர்லாந்து தேசியக் கலைக்கூடத்தில் தொங்குகிறது, அந்த நாடு தன் சொந்த முகம் என்று நினைக்கிற படங்களில் ஒன்றாக. ஜகோபியின் பெயரைச் சொன்னால் லக்ஸம்பர்க்குக்கு வெளியே நிமிர்ந்து பார்ப்பவர்கள் ஒலிம்பிக் வரலாற்றுப் பைத்தியங்கள் மட்டும்தான். ஆமாம், என்னைப் போன்றவர்கள்.

விளையாட்டு, கலை என்று இரண்டு களத்திலும் ஜெயித்தவர்கள் இரண்டே பேர். ஹங்கேரியின் ஆல்ஃபிரெட் ஹாயோஷ் 1896 ஏதென்ஸில் நீச்சலில் இரண்டு தங்கம் வென்றவர். 1924-ல் தங்கம் மறுக்கப்பட்ட அந்தக் கட்டடக்கலைப் பிரிவில் வெள்ளியை, ஒரு விளையாட்டரங்க வடிவமைப்புக்காக, கூட்டாளியோடு பகிர்ந்துகொண்டார். புடாபெஸ்டில் மார்கரெட் தீவில் அவர் வடிவமைத்த நீச்சல் அரங்கு இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. மற்றவர் அமெரிக்கர் வால்டர் வைனன்ஸ். 1908-ல் துப்பாக்கிச் சுடுதலில் தங்கம், 1912-ல் வண்டிப் பந்தயக் குதிரையின் வெண்கலச் சிற்பத்துக்குத் தங்கம். 1920-ல் லண்டனில் அதே மாதிரி ஒரு குதிரை வண்டிப் பந்தயத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார்.

ரசிகர்கள் வராததால் இந்தப் போட்டி செத்தது என்று சொல்ல முடியாது. ஆம்ஸ்டர்டாமில் ஸ்டெடெலிக் அருங்காட்சியகம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளால் நிறைந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியைப் பார்த்தவர்கள் 3,84,000 பேர். வராதவர்கள் முதல் வரிசைக் கலைஞர்கள். பிகாசோ வரவில்லை, மத்தீஸ் வரவில்லை. ஏற்கெனவே பெயர் வாங்கியவர், கருப்பொருளையும் பிறர் தீர்மானிக்க, வெண்கலம்கூட இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடிய ஒரு குழுவின் முன் ஏன் போய் நிற்க வேண்டும்? ஜெயித்தால் பெரிதாக லாபமில்லை. தோற்றால் மானம் போகும்.

முடிவுரை எழுதியது அமெச்சூர் விதி. கலைஞர்கள் படம் விற்றுப் பிழைப்பவர்கள். ஒலிம்பிக்கோ பணத்துக்கு ஆடாதவர்களுக்கானது. ஆகவே இவர்களுக்கு இடமில்லை என்ற வாதம் 1949-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் முன் வந்தது. 1948 லண்டன்தான் கடைசி ஆட்டம் ஆனது. நம் ஹாக்கி அணி வெம்ப்ளியில் பிரிட்டனை 4-0 என்று வீழ்த்திய அதே ஒலிம்பிக்கில், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நடந்த கலைப் போட்டியில் ஜான் காப்ளி தன் 73-ஆவது வயதில் செதுக்கோவியத்துக்கு வெள்ளி வென்றார். லெட்டிஷியா ஹாமில்டன் குதிரைப் பந்தய ஓவியத்துக்கு வாங்கிய வெண்கலம்தான் அயர்லாந்து அந்த முறை ஊருக்குக் கொண்டுபோன ஒரே பதக்கம். நாடுவாரியான அதிகாரபூர்வப் பதக்கக் கணக்கில் இன்று இவை எதுவும் சேர்வதில்லை. 1948 அயர்லாந்துக்கு நேராக இருப்பது சுழி.

அமெச்சூர் கொள்கையை வேதமாகப் பிடித்துக்கொண்டிருந்தவர், 1952-ல் கமிட்டித் தலைவரான அமெரிக்கர் ஏவரி பிரண்டேஜ். 1932-ல் இவரும் இலக்கியப் பிரிவில் ஒரு கட்டுரையை அனுப்பியிருக்கிறார். பதக்கம் இல்லை, கௌரவக் குறிப்பு மட்டும் கிடைத்தது. பழிவாங்கினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கலையின் மேல் அவருக்கு ஆசை இல்லாமலும் இல்லை. கட்டுமானத் தொழிலில் சம்பாதித்த பணத்தில் ஆசியச் சிற்பங்களையும் பாத்திரங்களையும் ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தார். அந்தச் சேகரிப்பை நம்பித்தான் 1966-ல் சான் பிரான்சிஸ்கோவின் ஆசியக் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கே அவருடைய மார்பளவுச் சிலையும் வைத்திருந்தார்கள். இனவெறிக் கருத்துகளுக்காகவும் நாஜிகளிடம் காட்டிய பரிவுக்காகவும் 2020-ல் அருங்காட்சியகமே அதை எடுத்துவிட்டது. அவர் வாங்கிக் கொடுத்த சிற்பங்கள் உள்ளே இருக்கின்றன.